பல் வைத்து வெட்டிய தாளும் எங்கள் துண்டும்

இலங்கை மலையகத்து ஹட்டனில் என்னுடையது சின்ன கம்யூனிகேஷன் கடை. கம்யூனிகேஷன் என்றால் எங்கள் பக்கத்தில் என்னவென்று தெரியும்தானே, போட்டோ கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், வேலை விண்ணப்பம் நிரப்புவது, வெளிநாட்டில் இருக்கிற மகளுக்கு அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் டைப் அடிப்பது, எல்லாம்தான். போன மாதம் ஒரு மழைச் சாயங்காலம் பஜாரில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் ஒரு பிரவுன் என்வலப் என்று மூன்று சட்டை போட்ட ஒரு பழைய காணி உறுதியைக் கொண்டுவந்து, "தம்பி, பார்த்து அடி, மடிப்புல கிழிஞ்சிரும்" என்று என் கையில் கொடுத்தார். மஞ்சளேறிய நீளத் தாளில் நிலப் பத்திரம், மேலே முத்திரை, கீழே அதை எழுதிய நொத்தாரிசின் கையெழுத்து, நடுவில் டைப்ரைட்டர் எழுத்தில் மூச்சுவிடாத ஆங்கிலம். முதல் வரியில் பெரிய எழுத்தில் 'திஸ் இன்டென்ச்சர்' என்று இருந்தது.

அக்கா மகன் அன்றைக்குக் கடையில் இருந்தான். ஏ லெவல் படிக்கிறான், பின்னேரத்தில் வந்து மெஷினுக்குத் தாள் போடுவான். அவன்தான் அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இது எங்க ஹிஸ்டரி நோட்ஸ்ல வர்ற சொல்லுல்ல? இன்டென்ச்சர்ட் லேபர். ஒப்பந்தக் கூலி. அப்ப இந்த முதலாளியும் கூலியா?"

முதலாளிக்குக் காது கேட்டதோ என்னவோ, குடையை மடக்கிக்கொண்டிருந்தார். நான் அவனை அதட்டி வைத்தேன். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. ஒருவருடைய காணி உறுதிக்கும், எங்கள் பாட்டன் பூட்டன் கதைக்கும் எப்படி ஒரே சொல் தலைப்பாக வரும்? அன்று இரவு கடையை மூடிய பிறகு அந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பித்தவன்தான், இன்னும் முடியவில்லை.

சொல்லின் அடியில் இருப்பது பல். லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்'. டென்டிஸ்ட், டென்டல் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். 'இன்' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'இன்டென்டாரே' என்று இடைக்கால லத்தீனில் ஒரு வினைச்சொல் செய்தார்கள், பல் பல்லாக வெட்டுவது என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் இன்டென்ச்சர் ஆனது. சரி, ஒப்பந்தத்துக்கும் பல்லுக்கும் என்ன உறவு?

அந்தக் காலத்து ஐரோப்பாவில் இரண்டு பேர் ஒரு உடன்படிக்கை செய்தால், பதப்படுத்திய தோல் ஒன்றில் அதே வாசகத்தை இரண்டு தடவை எழுதுவார்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டுக்கும் நடுவில் விட்ட இடத்தில் ஏதாவது ஒரு சொல்லைப் பெரிதாக எழுதுவார்கள். வழக்கமாக 'சிரோகிராபும்' என்ற சொல், கிரேக்கத்திலிருந்து வந்தது, கையெழுத்து என்றுதான் அர்த்தம். அப்புறம் கத்தியை எடுத்து அந்தச் சொல்லின் ஊடாகவே, நேராக இல்லாமல் ரம்பப் பல் மாதிரி வளைத்து நெளித்து வெட்டுவார்கள். மேல்துண்டு ஒருவருக்கு, கீழ்த்துண்டு மற்றவருக்கு. பிறகு ஒரு நாள் வழக்கு வந்தால் இரண்டு துண்டையும் கொண்டுவந்து மேசையில் பொருத்திப் பார்க்க வேண்டியதுதான். பல்லோடு பல் உட்கார்ந்து, பாதி பாதியாய் அறுபட்ட எழுத்துகள் சேர்ந்து முழு எழுத்தானால் உண்மை. உட்காரவில்லை என்றால் யாரோ கள்ளத்தனம் செய்திருக்கிறார்.

இங்கிலாந்து நீதிமன்றங்களில் 1195 முதல் இதையே மூன்று துண்டாகவும் செய்தார்கள், இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொன்று, அடியில் இருந்த துண்டு நீதிமன்றத்துக்கு. அந்த அடித்துண்டுக்கு 'பாதம்' என்றே பெயர்.

எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. எழுத்து வாசிக்கத் தெரியாதவன்கூட தன் துண்டை வைத்து வழக்காடலாம் பாருங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது பிறகு. ஓரம் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதற்குப் படிப்பு வேண்டாம், கண் போதும்.

கொஞ்சம் சுற்றிப் பார்த்தால் அந்தப் பல் கிடக்காத இடமில்லை. கம்ப்யூட்டரில் பந்தியின் முதல் வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறோமே, அந்த இன்டென்ட் இதே சொல்தான், ஓரத்தில் ஒரு பல் விழுந்த மாதிரி. கந்தோர்களில் ஸ்டோருக்குச் சாமான் கேட்டு 'இன்டென்ட்' போடுகிறார்களே, அதுவும் இந்த வம்சம்தான். ஆனால் வேனில் அடிபட்டு ஒடுங்கிப்போன இடத்துக்கு 'டென்ட்' என்கிறோம் பாருங்கள், அது வேறு. அடி, குத்து என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பதற்காக எல்லாரையும் சொந்தக்காரனாக்கிவிட முடியாது.

காலப்போக்கில் வெட்டுவது வெறும் சடங்காகி, ஓரத்தில் லேசாக ஒரு நெளிவு காட்டினால் போதும் என்றானது. 1845-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்து, ஓரத்தை வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, இன்டென்ச்சர் என்று சொல்லிக்கொண்டாலே அது இன்டென்ச்சர்தான் என்று முடித்து வைத்தது. பல் போனது, பெயர் நின்றது. எங்கள் முதலாளியின் உறுதி நேர் ஓரமுள்ள தாளாக இருந்துகொண்டே தன்னைப் 'பல் வெட்டியது' என்று சொல்லிக்கொள்வது அதனால்தான்.

பல் வெட்டாத பத்திரமும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஒரே ஒரு தரப்பு மட்டும் எழுதித் தருவது, பொருத்திப் பார்க்க மறுபாதி கிடையாது, அதனால் ஓரம் நேராக இருக்கும். அதன் பெயர் 'டீட் போல்'. இந்தப் 'போல்' என்றால் தலைமயிரை ஒட்ட வெட்டுவது, மொட்டையடிப்பது. இன்றைக்கும் பிரித்தானியாவில் பெயர் மாற்றுகிறவர்கள் டீட் போல்தான் எழுதுகிறார்கள், தன் பெயரை மாற்ற இன்னொருவர் எதற்கு? வாசித்தபோது சிரிப்பு வந்தது. நாமும் எழுதியவன் பெயரில்லாத கடிதத்தை மொட்டைக் கடிதம் என்கிறோமே. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் அந்தப் பத்திரத்துக்கு 'மொட்டை உறுதி' என்று என் மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். பின்னால் இது தேவைப்படும்.

ஒப்பந்தத் தாள் எப்படி மனிதனுக்கு அடைமொழியானது? தொழில் பழகப் போகிற பையனை ஒரு கைவினைஞரிடம் இத்தனை வருடம் என்று எழுதிக் கட்டிவைப்பார்கள், அந்தத் தாளும் இன்டென்ச்சர். இதில் எனக்குப் பிடித்த கதை பெஞ்சமின் பிராங்கிளினுடையது, அவரே தன் வரலாற்றில் எழுதியது. 12 வயதில் பொஸ்டனில் சொந்த அண்ணனின் அச்சகத்திலேயே இப்படிக் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் அங்கே ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1723-ல் அரசு, அண்ணன் இனி அந்தப் பத்திரிகையை அச்சிடக் கூடாது என்று தடை போட்டதும், அண்ணன் ஒரு தந்திரம் செய்தார். தம்பி பெயரில் பத்திரிகையைப் போடுவது, கேட்டால் காட்டுவதற்குப் பழைய இன்டென்ச்சரின் முதுகில் 'விடுவித்தாயிற்று' என்று எழுதித் தம்பியிடமே கொடுத்துவிடுவது, ஆனால் மிச்ச வருடங்களுக்கு ரகசியமாக இன்னொரு இன்டென்ச்சர் எழுதி வாங்கிக்கொள்வது. பிறகு அண்ணன் தம்பிக்குள் சண்டை, அண்ணன் கையும் நீட்டுவாராம். தம்பி யோசித்தார், ரகசியத் தாளை வெளியே எடுத்தால் அண்ணன் அரசாங்கத்திடம் மாட்டிக்கொள்வார், எடுக்க மாட்டார். 17 வயதில் கிளம்பிவிட்டார். அவர் கையில் ஒரு பாதி இருந்தது, அதனால் தப்பினார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1833-ல் பிரித்தானியா அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது, 1834 ஆகஸ்ட் 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆள் வேண்டும். அதே வருடம் நவம்பர் 2-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து அட்லஸ் என்ற கப்பல் 36 பேரோடு மொரிஷியஸில் போய் நின்றது. ஐந்து வருட ஒப்பந்தம். அதற்குச் சரியாகப் பதினேழு நாள் முன்னால் லண்டனில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்து போயிருந்தது, காரணம் கேட்டால் நம்பமாட்டீர்கள். கடன் கணக்குக்காகக் கோடு வெட்டி, இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்ட பழைய கணக்குக் குச்சிகளை, இனி வேண்டாம் என்று அடுப்பில் அளவுக்கு மீறிப் போட்டு எரித்ததுதான். பாதி பாதியாகப் பிரித்து நம்பிக்கை வைக்கிற பழைய உலகம் அங்கே எரிகிறது, இங்கே அதே பழக்கத்தின் பெயரில் கப்பல் ஏற்றுகிறார்கள். தற்செயல்தான், ஆனாலும் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம் 1838-ல் பிரித்தானிய கயானா, 1845-ல் டிரினிடாட். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில், அதில் போனவர்களில் நம் மொழி பேசியவர்கள் நிறைய. 1879-ல் பிஜி. பிஜியில் 'அக்ரிமென்ட்' என்ற சொல் வாயில் நுழையாமல் 'கிர்மிட்' ஆகி, அந்த மனிதர்களே கிர்மிட்டியா ஆனார்கள். அவர்கள் கைநாட்டு வைத்த ஒரு தாள் இருந்தது. அநியாயமான தாள்தான், வாசிக்கத் தெரியாதவர்களிடம் வாங்கிய கைநாட்டுத்தான். ஆனாலும் எத்தனை வருடம், என்ன கூலி என்று அதில் எழுதியிருந்தது.

எங்களுக்கு?

இங்கேதான் அக்கா மகனின் நோட்ஸோடு எனக்குச் சண்டை. கோப்பிக் காலத்திலிருந்து ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களை 'இன்டென்ச்சர்ட்' என்று எழுதுவது சட்டப்படி பிழை. 2023-ல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நம்மவர்கள் நடந்தார்களே, அந்த வழியில் முதலில் வந்தவர்கள் எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்து வரவில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்க்கிற கங்காணி ஊரில் போய் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தான். கடன் கங்காணியின் கணக்கில். தோட்டத்துக்கு வந்த பிறகு 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டம் பிடித்துக்கொண்டது, வாயால் பேசிச் சேர்ந்த வேலையும் மாத ஒப்பந்தம்தான், முன்னறிவித்தல் கொடுக்காமல் விட்டுப்போனால் அது சிவில் வழக்கல்ல, சிறை.

இதே தீவில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம், ஒரு துண்டுக் காணியை விற்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்கிறது. மண்ணுக்கு அத்தனை பத்திரம். அந்த மண்ணில் வேலை செய்கிற ஆளைக் கட்டிவைக்க வாய்ப்பேச்சு போதும். தோட்டக்காரர்கள் இதையே பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள், பாருங்கள் எங்களிடம் இருப்பது சுதந்திரத் தொழிலாளர், இன்டென்ச்சர் இல்லை, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போகலாம் என்று. கடனோடு எங்கே போவது?

போவதற்கு ஒரு தாள் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஆங்கிலத் துரைமார் எழுதியவற்றிலும் அது 'டுண்டு' என்றேதான் வரும், மொழிபெயர்க்கக்கூட இல்லை. கங்காணி ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குத் தன் ஆட்களோடு போக வேண்டுமென்றால், துரை ஒரு துண்டு எழுதித் தருவார். இன்ன தொகையை எனக்குக் கட்டினால் இந்தக் கங்காணியையும் இவனுடைய இத்தனை ஆட்களையும் விடுவிக்கிறேன் என்பதுதான் சாராம்சம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவான். எந்தத் துரை அந்தத் தொகையைக் கட்டுகிறாரோ அந்தத் தோட்டத்துக்கு ஆட்கள் பெட்டி படுக்கையோடு மாறுவார்கள், கடனும் கூடவே மாறும், சில நேரம் வழியில் கொஞ்சம் பெருத்தும்விடும். 1921-ல் 43-ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் இதை ஒழித்தது.

இப்போது அந்த மொட்டை உறுதியை நினைத்துப் பாருங்கள். துண்டு என்று பெயர் இருக்கிறதே தவிர, அதற்கு மறுதுண்டு கிடையாது. துரை எழுதினார், கங்காணி தூக்கிக்கொண்டு போனான், அடுத்த துரை வாங்கிக்கொண்டார். தாளில் எண்ணிக்கையாக மட்டும் இருந்த ஆட்களின் கையில் எந்த ஓரமும் இல்லை, பொருத்திப் பார்க்க. பிராங்கிளினிடம் இருந்த பாதி இவர்களில் ஒருவரிடமும் இல்லை. அதனால்தான் எங்களை இன்டென்ச்சர்ட் என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறேன். அது எங்கள் கதையை மிகைப்படுத்துவதில்லை, உண்மையில் இருந்ததைவிட ஒரு தாள் கூடக் கொடுத்துவிடுகிறது.

அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒப்பந்தம்னு எழுதினாத்தான் மாமா மார்க்ஸ்" என்கிறான். சரி, எழுது, மார்க்ஸ் முக்கியம்.

இதில் இன்னொரு சங்கதி. நம் மொழியிலும் தாளை வெட்டின நினைவு இருக்கிறது. தமிழ் லெக்சிக்கனைப் புரட்டினால் 'முறி' என்பதற்குத் துண்டு என்றும் பொருள், ஓலைப் பத்திரம் என்றும் பொருள். நம் நாட்டில் இந்தச் சொல் சாகவே இல்லை, ஆங்கிலத்தில் பொண்ட் என்கிற கடன் பத்திரத்துக்கு இங்கே பிணைமுறி என்றுதான் பெயர், 2015-ல் மத்திய வங்கி பிணைமுறி விவகாரம் வந்தபோது பேப்பர் முழுக்கப் பிணைமுறி, 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தபோது காஸ் சிலிண்டர் வரிசையில் நின்றவர்கள் வாயிலும் பிணைமுறி. அமெரிக்காவில் அப்படிப்பட்ட முறிகளை வெளியிடுகிறவருக்கும் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் எழுதப்படுகிற கனமான ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் தெரியுமா? இன்டென்ச்சர். 1939-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இன்றைக்கு உயிரோடு இருக்கிற முக்கியமான வேலை இதுதான், கோடிக்கணக்கில் கடன் கொடுக்கிறவர்களின் பாதுகாப்பு. கூலி ஆளைவிட்டு வங்கிக்குப் போய்விட்டது.

லத்தீன் என்றால் ஏதோ பாதிரிமார் மொழி என்று நினைத்திருந்தேன். நொத்தாரிசு லத்தீன். தோட்டத்தில் கணக்குப் பேசி முடிக்கிற கொந்தரப்பு வேலையின் கொந்தரப்பும் போய்ச் சேர்கிற இடம் லத்தீனில் 'சேர்த்து இழுப்பது' என்ற வினைதான். அக்காவுக்கு லயத்தைவிட்டு வெளியே தனி வீடு கட்டிக்கொடுத்தார்களே 7 பேர்ச்சஸில், அந்தப் பேர்ச்சஸ்கூட 'பெர்டிகா' என்ற லத்தீன் அளவுகோல் கம்பிலிருந்து வந்தது. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சதுர அடி. வீடு கிடைத்து வருடங்களாகிறது. உறுதி இன்னும் கைக்கு வரவில்லை, கேட்கப் போனால் ஃபைல் வேறு கந்தோரில் இருக்கிறது என்கிறார்கள், அந்தக் கந்தோருக்குப் போனால் இங்கே வரவே இல்லை என்கிறார்கள். அதை எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகிவிடும்.

அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன், துண்டு என்றால் என்ன என்று. ஆண்டுக்கணக்கில் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். "தோள்ல போடுறதா, பஸ்ல எடம் புடிக்கிறதா?" என்றார். இரண்டும் இல்லை, கங்காணி காலத்துத் துண்டு என்றேன். கொஞ்ச நேரம் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க அப்பாயி சொல்லும், நாங்க மஸ்கெலியாப் பக்கமிருந்து ராவோட ராவா இங்க வந்தவங்கன்னு. எதுக்கு வந்தோம்னு கேட்டா, பெரிய கங்காணி வந்தாரு, நாங்களும் வந்தோம், அம்புட்டுத்தான்னு சொல்லும்" என்றார். அப்பாயிக்குத் துண்டு என்ற சொல்லே தெரிந்திருக்காது போல. அந்தத் தாளை அது பார்த்திருந்தால்தானே.

முதலாளி கதையை விட்டுவிட்டேன். அவர் மூன்று நாள் கழித்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வங்கியில் என் கொப்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பழைய உறுதி நீளத் தாள், நான் அதை ஏ4-ல் அடித்திருந்தேன், கீழே ஒன்றரை வரியும் நொத்தாரிசு முத்திரையில் கால்வாசியும் காணவில்லை.

"ஓரம் வெட்டுப்பட்டிருக்கு தம்பி, இது செல்லாதாம்."

லீகல் சைஸ் தாளை எடுத்துப் போட்டுத் திரும்ப அடித்துக்கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அக்கா மகன் மெஷினுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான், முதலாளிக்கு ஏன் என்று விளங்கவில்லை.